வெளிக்கிட்டால் திரும்பாதவர்

லண்டனில் எங்கள் ஆட்களுக்கு வந்த வழியே பெயராகிவிடும். ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர் ஜெர்மன் அண்ணை. சுவிஸிலிருந்து வந்தவர் சுவிஸ் அக்கா. வெம்பிளியில் பிரான்ஸ் அண்ணை என்றால் அது என் அக்காவின் புருஷன்தான். எனக்கு அத்தான். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நாலு பேருக்குக் காட்டிச் சந்தோஷப்படக்கூடிய மனிதர்.

அவரை எல்லோருக்கும் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் வயிற்றெரிச்சலில் எழுதியதாக யாரும் சொல்லக்கூடாது. வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், அது வேறு விஷயம். உயரமான ஆள். சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே கோயிலில் அவரைக் கண்டால் அர்ச்சனைக்கு வந்த சனம் அர்ச்சனையை விட்டுவிட்டு அவருடைய கதையைக் கேட்டுக்கொண்டு நிற்கும். வீடுகளுக்கு வயரிங் செய்வது அவருக்குத் தொழில். தெரிந்தவர் வீட்டில் ஒரு லைட் எரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஓடிவருவார். வரும்போது ஏதாவது ஒன்றை மறந்துவிட்டு வருவார்.

பெரும்பாலும் ஏணியை. "ஏணி கொண்டரேல்லையோ அண்ணை?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "அட, விட்டிட்டு வந்திட்டன். பரவாயில்லை, உந்தக் கதிரையை மேசையிலை வையும்" என்பார். கதிரை மேசைக்கு மேல் ஏறும். கதிரைக்கு மேல் வீட்டுக்காரர் ஏறுவார். அத்தான் கீழே நின்று, சிவப்பு வயரைப் பிடி, கறுப்பை விடு என்று சொல்லிக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் இருவரும் சிரித்தபடி தேநீர் குடிப்பார்கள். போய் எடுத்துக்கொண்டு வாங்கோவன், பத்து நிமிடந்தானே என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"வெளிக்கிட்டாச்சு. வெளிக்கிட்டால் திரும்பக்கூடாது. சகுனம் சரியில்லை."

அந்த நம்பிக்கை எங்கள் வீட்டிலும் உண்டு. வாசலைத் தாண்டியபின் குடைக்காகக்கூடத் திரும்ப மாட்டோம். ஆனால் அதற்குப் பரிகாரமும் எங்களிடம் உண்டு. திரும்பத்தான் வேண்டியிருந்தால், உள்ளே வந்து கொஞ்ச நேரம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் தோஷம் இல்லை. அத்தான் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பரிகாரத்தை விட்டுவிட்டவர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

என் கலியாணத்தில், தாலி கட்டும்போது நான் உடுக்கவேண்டிய கூறைச்சேலையைக் கொண்டுவரும் பொறுப்பு அவருடையது. மண்டபம் தெற்கே, ஸ்ட்ரெதம் பக்கம். அவர் வெம்பிளியிலிருந்து புறப்பட்டார். ஹாங்கர் லேன் சந்தியிலேயே, அதாவது வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்திலேயே, கூறைப் பெட்டி காரில் இல்லை என்று தெரிந்துவிட்டதாம். அவர் திரும்பவில்லை. கலியாண நாளில் திரும்பினால் பொம்பிளைக்குக் கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். வந்து இறங்கினார். முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. ஐயர் தட்டைப் பார்த்தார், தட்டில் தாலியும் தேங்காயும் மட்டும் இருந்தன. நல்ல காலம், லூஷியத்திலிருந்து வந்திருந்த ஓர் அன்ரி தன்னுடைய பழைய கூறையைத்தான் அன்றைக்கு உடுத்துக்கொண்டு வந்திருந்தார். உடை மாற்றும் அறையில் அவர் அதைக் களைந்து என்னிடம் தந்துவிட்டு, நான் உடுத்திருந்த சேலையைத் தான் உடுத்திக்கொண்டார். தாலி கட்டும்போது அந்தச் சேலையில் வேறொரு பெண்ணின் உடற்சூடு இருந்தது. அவருடைய பவுடர் மணமும் இருந்தது.

அத்தான் வீடியோக் கமராவைக் கொண்டுவந்திருந்தார். மூன்று பட்டரி, நாலு டேப், முக்காலி, லென்ஸ் துடைக்கிற துணி எல்லாமே இருந்தன. அந்த டேப்பில் என் கண் சிவந்திருப்பது தெரியும். பார்க்கிறவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்பார்கள். "எப்பிடிச் சமாளிச்சன் பாத்தியளோ?" என்று அந்தக் கதையை அவர் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறார். நானும் அங்கே இருந்து சிரித்திருக்கிறேன்.

அவருடைய பெரிய ஆசை வில்லு. பாரிஸுக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர். கடை முதலாளி காட்டுப்பன்றி வேட்டைக்காரர். துவக்குச் சத்தம் பிடிக்காது, வில்லுத்தான். அவரோடு போய்ப் பழகி, படித்து, சோதனை எழுதி, பிரெஞ்சு வேட்டை அனுமதிப் பத்திரமும் எடுத்துவிட்டார் அத்தான். இங்கிலாந்தில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடங்கொடாது. அதனால் லண்டனுக்குக் குடிவந்த பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் கப்பலேறிப் பிரான்ஸுக்குப் போய், பழைய முதலாளியின் காட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு வருவார். பன்றி கிடைத்தால் அடுத்த சனிக்கிழமை வெம்பிளி முழுக்க அவர் வீட்டுக் கறி மணக்கும். கறுவாவும் சரக்குத்தூளும் போட்டு அவரே சமைப்பார். கை தேர்ந்த சமையல், அதை மறுக்க முடியாது.

வில்லுப் பையை வீட்டில் யாரும் தொடக்கூடாது. நாணுக்கு மெழுகு, அம்புக்கு உறை, கைக்கு உறை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. என் அக்கா ஒருமுறை தூசி தட்டப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

என் கணவர் அவரோடு போகத் தொடங்கியது எங்களுக்குக் கலியாணமான அடுத்த வருடம். இவர் பஸ் டிரைவர். வேட்டையாடத் தெரியாது, வில்லும் இல்லை, அனுமதியும் இல்லை. ஒரு கோழியைக்கூட உரிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் காட்டின் அமைதி இவருக்குப் பிடித்துப்போனது. "நாள் முழுக்கப் பெல் சத்தம் கேட்ட காதுக்கு அது மருந்து" என்பார். காட்டில் இவருக்கு ஒரு வேலை உண்டு. இரண்டு மரங்களில் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு மேலே பரண் கட்டுவார்கள். ஒன்றில் அத்தான் வில்லோடு இருப்பார், பக்கத்து மரத்துப் பரணில் இவர் தூரக்கண்ணாடியோடு இருப்பார். பன்றி வருவது தெரிந்தால் இவர் கையைத் தூக்கவேண்டும். பரணில் இருப்பவர்கள் தோளையும் இடுப்பையும் தொடையையும் சுற்றி ஒரு பட்டி போட்டு, அதை மரத்தோடு கொழுவிக்கொள்ள வேண்டும். சறுக்கினாலும் அந்தரத்தில் தொங்கலாமே தவிர விழ முடியாது. இதெல்லாம் இவர் எனக்கு ஆசையாகச் சொன்னவை.

இரண்டாயிரத்து மூன்றில் என்று நினைக்கிறேன், அத்தான் வீட்டு வாசலில் நின்று நானும் அக்காவும் கைகாட்டி அவர்களை அனுப்பினோம். இருபது நிமிடத்தில் அத்தானின் வயரிங் வான் திரும்பி வந்தது. அத்தான் இறங்கி மாடிக்கு ஓடினார். நாணை இழுத்து விடுவதற்கு மணிக்கட்டில் கட்டுகிற கொளுக்கியை மறந்துவிட்டாராம், அது இல்லாமல் அவரால் குறிவைக்க ஏலாதாம். எடுத்துக்கொண்டு கீழே வந்தவர் சோபாவில் சாவகாசமாக இருந்தார்.

"பிள்ளை, தண்ணி கொஞ்சம் தாரும்" என்றார்.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவசரமில்லாமல் குடித்தார், வாயைத் துடைத்தார், "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன மடைச்சி நான். பரிகாரம் அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது என் கண்முன்னால் நடந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வருடப் பயணத்துக்கு நான் இவருக்கு ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். காட்டில் குளிரும் என்று. அந்த மார்கழியில் பிள்ளைக்காக ஒரு கிளினிக்குக்குப் போக எங்களுக்குத் திகதி கிடைத்திருந்தது. மூன்று வருடம் பார்த்துக் களைத்துப்போய் எடுத்த திகதி. "வந்து பாப்பம், எல்லாம் சரிவரும்" என்று சட்டையைப் பைக்குள் வைத்தபடி இவர் சொன்னார்.

சனிக்கிழமை பதினொரு மணிபோல அத்தானின் தொலைபேசி வந்தது. "பிள்ளை, பயப்பிடாதேயும். ஆள் கதைக்கிறான்." அவ்வளவுதான் முதலில் சொன்னார். கதைக்கிறான் என்று சொல்லவேண்டிய நிலைமை என்றால் என்ன நிலைமை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தந்தார்கள். இவருடைய மணிக்கூடு, பேர்ஸ், பச்சைச் சட்டை. சட்டையை அம்புலன்ஸ்காரர்கள் கத்தரிக்கோலால் நடுவே வெட்டியிருந்தார்கள். ஒருநாள்கூட முழுசாகப் போடாத சட்டை. உள்ளே விலைச்சீட்டின் நூல் அப்படியே இருந்தது.

முள்ளந்தண்டு போயிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இனி வராது என்று இரண்டாம் கிழமை சொன்னார்கள்.

கட்டிலோடு கிடந்தபடி இவர் சொன்ன கதை இதுதான். பட்டி இருந்த பை அத்தான் வீட்டில் விடுபட்டுப்போனது. ஹாங்கர் லேனிலேயே தெரிந்துவிட்டது. திரும்புவோமா அண்ணை என்று இவர் கேட்டிருக்கிறார். வெளிக்கிட்டாச்சு என்று அத்தான் சொல்லியிருக்கிறார். இரவு மழை பெய்து மரம் வழுக்கியது. பரணில் ஏறி, திரும்பி இருக்கப்போன நேரம் கால் சறுக்கியது.

"பட்டி இல்லாமல் ஏன் ஏறினனீங்கள்?" என்று கேட்டேன்.

"அண்ணை ஏறு எண்டார்."

"ஏலாது எண்டு சொல்லுறதுதானே?"

"அந்த வெள்ளைக்கார முதலாளியும் பக்கத்திலை நிக்கிறான். அவனுக்கு முன்னாலை நான் அண்ணையோடை வாய் காட்டுறதே?"

சகலனென்றாலும் மூத்தவர். மூத்தவர் ஏறு என்றால் இவர் ஏறுவார். அதுதான் இவருடைய வளர்ப்பு. அதே வளர்ப்புத்தான் எனக்கும், அதனால் இவரைக் கோபிக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

பஸ் வேலை போனது. மாடிவீடு போனது. கவுன்சில் ஸ்ட்ரெதத்தில் நிலத்தோடு ஒரு பிளாட் தந்தது. கிளினிக்குக்குப் போகவில்லை. இனிப் போயும் பயனில்லை என்று லண்டன் டொக்டர் ஒருவர் மிகவும் நல்ல முறையில், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். வெளியே வந்து இவரைக் காரில் ஏற்றி, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தேன். பிறகு இவர், பசிக்கிறது, போவோம் என்றார்.

அத்தான் எங்களைக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெம்பிளியிலிருந்து வருவார். இடியப்பமும் சொதியும் அக்கா கட்டிக்கொடுப்பாள். வாசலில் சக்கர நாற்காலி ஏறப் பலகை போட்டுத் தந்தவர் அவர்தான். ஆணியை மறந்துவிட்டு வந்தார், நான் கடைக்கு ஓடினேன். இவரோடு கிரிக்கெட் பார்ப்பார், சிரிக்க வைப்பார். இவரும் சிரிப்பார். நான் குசினியில் நின்று ஒரே ஒரு வசனத்துக்காகக் காத்திருந்தேன். என்ரை பிழை என்று ஒருமுறை சொல்லட்டும், நான் திரும்பியிருக்கவேணும் என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு அவருக்கு இந்த வீட்டில் நான் மனதோடு சோறு போடுவேன் என்று நினைத்திருந்தேன். மூன்று வருடம் காத்திருந்தேன். "விதி பிள்ளை" என்றுதான் சொன்னார். மறதிக்காரர், என்ன செய்வது, வேணுமென்று செய்தாரா என்று மெல்ல மெல்ல நானும் ஆறத் தொடங்கியிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளை வெம்பிளியில் மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். இரண்டு மகள்களும் பழைய படங்களையெல்லாம் சேர்த்துப் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். ஊரில் அரைக் காற்சட்டையோடு, பாரிஸ் குசினியில் வெள்ளைத் தொப்பியோடு, என் கலியாணத்தில் கமராவோடு. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அடுத்ததாக ஒரு காட்டுப் படம் வந்தது. காலை வெளிச்சம், ஈர மரம். மரத்தடியில் இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்று சிரிக்கிறார்கள். ஒருவர் அத்தான். மற்றவர் என் கணவர், அந்தப் பச்சைச் சட்டையோடு.

அந்தச் சட்டையை இவர் வாழ்க்கையில் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் போட்டார்.

அத்தானின் நெஞ்சில் பட்டி இருந்தது. தோளிலிருந்து குறுக்கே வந்து, இடுப்பைச் சுற்றி, தொடைவரை இறங்கிய கறுப்புப் பட்டி. கொளுக்கி வெளிச்சத்தில் மினுங்கியது. இவர் நெஞ்சில் பச்சைக் கம்பளி மட்டுந்தான். சனம் கைதட்டியது. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் "நல்ல படம் என்ன?" என்றாள். ஓம் என்றேன்.

காரில் ஏற்றிப் பட்டி போட்டுவிட்ட பிறகு இவரிடம் கேட்டேன்.

"ஒரு பட்டி இருந்ததோ?"

இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணையின்ரை பட்டி அவற்றை வில்லுப் பைக்குள்ளை இருந்தது. விட்டிட்டு வந்தது என்ரையைத்தான்."

"மூண்டு வருசமாச் சொல்லேல்லை."

"சொல்லி என்ன? என்ரை கால் வருமே? உமக்கும் அக்காவுக்கும் கதை இல்லாமல் போயிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவர் பழக்கத்திலை எடுத்துப் போட்டவர். எனக்கு இல்லை எண்டது அவருக்கு அந்த நேரம் மறந்துபோச்சு. அண்ணையைத் தெரியுந்தானே."

தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அன்று இரவு முழுக்க ஒன்றையே யோசித்தேன். இந்த மனிதர் மறந்தவை யாருடையவை? கூறை என்னுடையது. ஏணி இல்லாமல் ஏறியது வீட்டுக்காரர். தனக்கு வேண்டியது எதையாவது அத்தான் விட்டுவிட்டுப் போய்ச் சமாளித்ததாக ஒரு கதை கிடையாது.

புதன்கிழமை, இவரிடம் சொல்லிவிட்டுத் தனியாக வெம்பிளிக்குப் போனேன். அத்தான் வேலை முடிந்து வந்து சோபாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குசினியில் தேநீர் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன்.

"அண்டைக்கு ஒரு பட்டிதான் இருந்தது எண்டு தெரிஞ்சுதான் போட்டனீங்களோ அத்தான்? இல்லாட்டி மறந்துபோய்ப் போட்டனீங்களோ?"

மறந்துபோனேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் அதற்கு இடம் வைத்துத்தான் கேட்டேன். சொல்லியிருந்தால் நம்புவதற்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கோபப்படவில்லை, தலைகுனியவும் இல்லை. ஒரு வீட்டுக்கு எத்தனை பிளக் பொயின்ற் வேண்டும் என்று விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னார்.

"நீர் கேட்டபடியாச் சொல்லுறன் பிள்ளை. ரெண்டு பேர், ஒரு பட்டி. ஆரோ ஒராள்தான் போடலாம். நான் யோசிச்சுப் பாத்தன். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். உங்களுக்கு அப்ப பிள்ளையள் இல்லைத்தானே."

"அவரைக் கீழை நிக்கச் சொல்லியிருக்கலாமே?"

"கீழை ஆள் நிண்டால் பண்டி மணம் பிடிச்சிடும், கிட்ட வராது. அவ்வளவு தூரம் போனது பிறகென்னத்துக்கு?"

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. 

"பிள்ளையள் இப்பவும் இல்லை அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. விளங்கியதும் பேப்பரை மறுபடி எடுத்தார்.

அக்கா தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நான் சப்பாத்துப் போடும்போது பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள். "நீ உப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது. அவருக்குப் பிரசர் இருக்கு."

வெம்பிளியிலிருந்து ஸ்ட்ரெதம் ஒன்றரை மணித்தியாலம். ரயிலில் நான் அழவில்லை. வீட்டைத் திறந்தபோது இவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு அசையவில்லை போலிருந்தது. மத்தியானச் சாப்பாடு அப்படியே மூடிக் கிடந்தது. பயந்த முகத்தோடு கேட்டார்.

"அண்ணையைக் கேட்டனீரோ? என்ன சொன்னவர்?"

இவருக்கு உலகத்தில் மிச்சமிருந்த மரியாதை அந்த ஓர் ஆளின் மேல்தான். நான் கோட்டைக் கழற்றி மாட்டினேன். கையைக் கழுவினேன். சாப்பாட்டைச் சூடாக்க எடுத்தேன்.

"நீங்கள் சொன்னதுதான்" என்றேன். "மறந்துபோனாராம்."

"பாத்தீரே" என்றார். முகம் முழுக்கத் தெளிந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னனான். பாவம் அண்ணை."